கம்யூனிட்டி காலேஜ் இயற்பியலை கோடையில் எடுக்கலாமா?

வணக்கம் நண்பர்களே, டெக்சாஸில் இருக்கிறேன். பிசிக்கல் தெரபி படிப்புக்கு லேபுடன் சேர்த்து இரண்டு செமஸ்டர் இயற்பியல் கேட்கிறார்கள், கால்குலஸ் இல்லாமல் அல்ஜீப்ராவும் கொஞ்சம் முக்கோணவியலும் போதும் என்பதால் பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் எடுக்கலாம் என்றிருக்கிறேன். ஊரில் பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப், பத்தாம் வகுப்போடு இயற்பியலுக்குக் கும்பிடு போட்டாச்சு. 30 டிகிரி சரிவில் பெட்டி இருந்தால் எடையில் பாதி சரிவு வழியே இழுக்கும், சைன் 30 போட்டு அதைச் சொல்லிவிடுவேன், ஆனால் உராய்வும் கயிற்றின் இழுவிசையும் சேர்ந்துவிட்டால் எந்த அம்புக்குறியை எந்தப் பக்கம் வரைவது என்றே குழம்புகிறது. முதல் செமஸ்டரை கோடையில் எடுத்தவர்கள் யாராவது உண்டா, வேலையோடு சமாளிக்க முடிந்ததா? ஆன்லைன் லேபை உங்கள் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டதா? அப்புறம், விசைப்படம் வரைவதைத் தமிழில் விளக்கும் வீடியோ இருந்தாலும் அனுப்புங்கள்.