பாத்தி காலி, பாதை முழுக்க நாற்று: எடுத்து நடலாமா?

கேள்வி (கொடைக்கானல், நாயுடுபுரம், டிசம்பர் தொடக்கம்):
சரிவுப் பாத்தியில் ஃபாக்ஸ்க்ளவ், நாஸ்டர்ஷியம், காஸ்மாஸ் மூன்றும் போன கோடையில் நன்றாகப் பூத்தன. விதை அங்கேயே விழட்டும் என்று விட்டேன். இப்போது பாத்தியில் ஒன்றுகூட இல்லை. ஜல்லிப் பாதையிலும், கல்கட்டு இடுக்கிலும், கீழ்ப்படியிலும் நெருக்கமாக முளைத்திருக்கின்றன. பாத்திக்கு 3 அங்குலம் பைன் சருகு மூடாக்கு போட்டிருக்கிறேன். அது தப்பா? எது நாற்று, எது களை?

பதில் (கோத்தகிரி):
பாதிக் காரணம் மூடாக்குதாங்க. ஃபாக்ஸ்க்ளவ் விதை தூசி மாதிரி இருக்கும், வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். சருகுக்கு அடியில் போனது முளைக்காது. ஜல்லியில் விழுந்ததற்கு வெளிச்சமும் ஈரமும் கிடைத்துவிட்டது. மீதிக் காரணம் மழை. உங்கள் பக்கம் அக்டோபர், நவம்பர் பெருமழை சரிவிலிருந்து எல்லாவற்றையும் கீழே தள்ளிவிடும்.

நாஸ்டர்ஷியம் நேர் எதிர். பட்டாணி அளவு விதை, சருகு மேல் உருண்டு ஓடும். பொறுக்கி முக்கால் அங்குல ஆழத்தில் ஊன்றினால்தான் சரி.

அடையாளம்: ஃபாக்ஸ்க்ளவ் தரையோடு வட்டமாக விரியும், இலை சுருக்கமாக, மெல்லிய மயிரோடு இருக்கும். நாஸ்டர்ஷியம் வட்ட இலை, காம்பு நடுவில் சேரும். காஸ்மாஸ் நூல் நூலான இலை. ஊதாத் தண்டில் எதிரெதிராக முக்கோண இலை வந்தால் அது க்ராஃப்டன் களை, பூக்கும் முன் வேரோடு பிடுங்குங்கள். விதை காற்றில் பறக்கும்.

பதில் (குன்னூர்):
ஃபாக்ஸ்க்ளவ் நாற்றை 4 முதல் 6 இலையில் எடுங்க. ஒரு மணி நேரம் முன்பே தண்ணீர் விட்டு, மேகமூட்டமான நாளில், மண் உருண்டையோடு பெயர்த்து, ஒன்றரை அடி இடைவெளியில் நடுங்க. குருத்து மண்ணுக்குள் புதையக் கூடாது, அழுகிவிடும். செடி முழுக்க விஷம். கையுறை போடுங்க, பிடுங்கியதை மாட்டுக்குப் போடாதீங்க. மிஞ்சியதைச் சோலை ஓரத்திலும் கொட்ட வேண்டாம்.

அடுத்த முறை கீழ்க்காய் பழுப்பானதும் தண்டை வெட்டி, காகித உறைக்குள் தலைகீழாகத் தொங்கவிடுங்க. காய் அடியிலிருந்து மேலே வெடித்துக்கொண்டே போகும், அதனால் தாமதித்தால் பாதி போய்விடும். ஏப்ரல் கோடை மழைக்கு, சருகை ஒதுக்கிய வெறும் மண்ணில் தூவி உள்ளங்கையால் அழுத்தினால் போதும். அக்டோபருக்குள் வேர் பிடித்துவிடும், பூ அதற்கடுத்த கோடையில். பாத்தியின் கீழ் ஓரத்தில் 4 அங்குல உயரத்துக்குக் கல் வரிசை வையுங்க.

கேள்வி கேட்டவர்:
நன்றிங்க. காஸ்மாஸையும் இப்போதே மாற்றி நடலாமா?

பதில் (குன்னூர்):
வேண்டாங்க. உறைபனி பட்டால் காஸ்மாஸும் நாஸ்டர்ஷியமும் ஒரே இரவில் கருகிவிடும். இரண்டுக்கும் விதையைச் சேர்த்து வைத்து, பனி முடிந்த பிறகு மார்ச்சில் போடுங்க. ஃபாக்ஸ்க்ளவ் மட்டும் பனி தாங்கும், அதை இந்த வாரமே நடலாம்.