ஷ்வான் கலம் (நரம்பைச் சுற்றி உறை போடும் கலம்) பழுதானவர்கள்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

வெள்ளவத்தை மகள்:
அப்பாவுக்கு ஜிபிஎஸ் என்ற கியான்-பாரே நரம்பு நோய். வயிற்றோட்டம் மாறிக் கொஞ்ச நாளில் கால் விறைத்தது, பிறகு படியேற ஏலாமல் போனது. எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்பது ஒன்றுதான். டொக்டர் சின்னச் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் அசையவில்லை. மற்றக் காலிலும் தட்டினார், அதுவும் இல்லை. அப்பா வேறு யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். வயிற்றோட்டக் கிருமியை எதிர்க்கப் போன உடம்பு, ஷ்வான் கலங்கள் நரம்பில் சுற்றிவைத்த மயலின் உறையையே தாக்கிவிட்டதாம். இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்தை ஏற்றினார்கள். இப்போது பிடித்துக்கொண்டு நடக்கிறார்.

கொட்டாஞ்சேனைத் தம்பி:
எனக்குக் கண்ணாடி வெட்டி மணிக்கட்டில் நரம்பு அறுந்தது, தைத்தார்கள். சுண்டுவிரலில் உணர்வே இல்லை. ஒருநாள் பஸ்ஸில் உள்ளங்கை ஓரம் கம்பியில் இடிபட்டது. சுண்டுவிரல் நுனிவரை சுரீரென்று கரண்ட் அடித்தது! கத்திவிட்டேன், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நரம்பு வளர்கிறது என்று பிசியோதெரபி அக்கா சொன்னார். அறுந்த இடத்துக்கு அப்பால் நரம்பின் இழை அழிந்தாலும், ஷ்வான் கலங்கள் அந்தக் கழிவைத் துப்புரவாக்கி வரிசையாக நிற்குமாம். அந்த வழியே புது இழை நாளுக்குச் சுமார் 1 மில்லிமீற்றர் வரும். வெள்ளவத்தை அக்கா, அப்பாவுக்கும் வளரும்.

தெஹிவளை அங்கிள்:
தம்பி, இரண்டையும் ஒன்றாக்காதீர்கள். ஜிபிஎஸ்ஸில் பெரும்பாலும் உறைதான் போகும். இழை தப்பியிருந்தால் ஷ்வான் கலங்கள் திரும்ப உறை சுற்றும், வளரக் காத்திருக்கத் தேவையில்லை. அறுந்த நரம்பு வேறு கதை. தோளருகே அறுந்தால் இழை விரலுக்கு வருவதற்குள் தசை வற்றிவிடும், ஷ்வான் கலங்களும் ஓய்ந்துவிடும்.

வத்தளை மருமகள்:
மாமா சுடுகேத்தலைப் பிடித்திருந்தார். கொப்புளம் எழும்பியதை நான் காட்டித்தான் அவருக்குத் தெரியும். தொழுநோய். அந்தக் கிருமி ஷ்வான் கலத்துக்குள்ளேயே குடியிருக்கும். இங்கே பக்கத்தில் ஹெந்தலையில் ஒல்லாந்தர் 1708இல் கட்டிய தொழுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது, ஆனாலும் வீட்டில் ஒருவருக்கும் அந்த எண்ணமே வரவில்லை. தயவுசெய்து கேளுங்கள்: வெளிறிய தேமல் இருந்து, அதில் தொட்டால் தெரியாவிட்டால், களிம்பு பூசிக்கொண்டு இருக்காதீர்கள். அரச ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குப் போங்கள். மருந்து இலவசம், 6 அல்லது 12 மாதம். வீட்டிலுள்ள மற்றவர்களையும் காட்டுங்கள். பிந்தினால் கிருமி செத்தாலும் போன உணர்வு வராமல் போகலாம். விறைத்த கையால் அடுப்பில் வேலை செய்ய விடாதீர்கள், இரவில் கைகால்களைப் பார்த்துவிடுங்கள்.

கொட்டாஞ்சேனைத் தம்பி:
அங்கிள், எனக்கு வெட்டியது மணிக்கட்டில், தோளில் இல்லை. சுண்டுவிரலில் இப்போது சூடு குளிர் தெரிகிறது.