வாகனப் பழுதறிய எந்த ஆஸிலாஸ்கோப்?

கேள்வி:
இன்ஜெக்டர் (எரிபொருளைத் தெளிக்கும் மின்வால்வு), கிராங்க் சென்சார் (கிராங்க் தண்டின் சுழற்சியை உணர்வது), கேன் பஸ் (வண்டியின் கணினிகள் தகவல் பரிமாறும் வயர் இணைப்பு) ஆகியவற்றின் அலைவடிவங்களைப் பார்க்க ஆஸிலாஸ்கோப் (மின்னழுத்தம் நேரத்தோடு மாறுவதை வரைந்து காட்டும் கருவி) வாங்க எண்ணியுள்ளேன். 100 மெகாஹெர்ட்ஸ் வரை அளக்கும் இரு சேனல் (ஒரே நேரத்தில் இரு சிக்னல்களைக் காட்டும்) கருவியா, 20 மெகாஹெர்ட்ஸ் நான்கு சேனல் கருவியா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1:
நான்கு சேனலையே எடுங்கள். விநாடிக்கு 500 கிலோபிட் வேகத்தில் ஓடும் கேன் பஸ்ஸில் ஒரு பிட்டின் நீளம் 2 மைக்ரோவிநாடி என்பதால், அதற்கு 20 மெகாஹெர்ட்ஸ் தாராளம். விளம்பரங்கள் பெரிதாகப் பேசாத நினைவகத்தைத்தான் கவனிக்க வேண்டும். ஸ்டார்ட்டர் இன்ஜினைச் சுழற்றும் 2 விநாடிகளையும் விநாடிக்கு 10 லட்சம் மாதிரி (ஒரு கணத்தின் அளவீடு) வீதம் பதிய, சேனலுக்கு 20 லட்சம் மாதிரிகளுக்கான இடம் தேவை. அது இருந்தால்தான் கிராங்க் தண்டு, கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஆகியவற்றின் சிக்னல்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, பிறகு சென்சார் சக்கரத்தின் பல் பல்லாகப் பெரிதாக்கி, டைமிங் (இரு தண்டுகளும் இணைந்து சுழலும் பொருத்தம்) விலகியிருக்கிறதா என்று ஒப்பிட முடியும்.

பதில் 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் மின்னழுத்தத்தை மறந்துவிடாதீர்கள். 12 வோல்ட் வண்டிதானே என்று எண்ணிவிட வேண்டாம்: இன்ஜெக்டர் அணையும் கணத்தில் 60 வோல்ட்டுக்கு மேலும், தீப்பொறிக்கான இக்னிஷன் காயிலின் முதன்மைச் சுருளில் 300 வோல்ட்டுக்கு மேலும் எழக்கூடும். ஆகவே 10:1 அல்லது 20:1 அட்டெனுவேட்டர் (மின்னழுத்தத்தை அந்த விகிதத்தில் குறைத்துத் தரும் இணைப்பு) இல்லாமல் அங்கே இணைக்காதீர்கள்.

பதில் 3:
மிச்சமாகும் பணத்தில் ஒரு கரன்ட் கிளாம்ப் (வயரைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கவ்வி) வாங்குங்கள். எரிபொருள் பம்ப்பின் வயரில் அதை மாட்டினால், மோட்டாரின் ஒவ்வொரு கம்யூட்டேட்டர் (சுழலும் சுருள்களுக்கு மின்சாரத்தை மாற்றி மாற்றித் தரும் வளையம்) துண்டும் சிறு மேடாகத் தெரியும். ஒவ்வொரு சுற்றிலும் அதே மேடு தாழ்ந்து வந்தால், டேங்கைக் கழற்றாமலேயே பம்ப்பைச் சந்தேகிக்கலாம்.