லலிதாவை ல்லிதா ஆக்கும் தமிழ்99: இது பிழையா, வசதியா?

அச்சுக்கோப்பான்:

வணக்கம். கும்பகோணம் பக்கம் ஓர் அச்சகத்தில் 22 வருடமாக டிடிபி வேலை பார்க்கிறேன். தமிழ் தட்டச்சு ஹையர் பாஸ். கொம்பை முதலில் அடித்து எழுத்தை அப்புறம் அடிக்கிற பழைய டைப்ரைட்டர் முறையில்தான் கை ஊறிக் கிடக்கிறது. போன தை மாதம் முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்தார். "இனி எல்லாம் யூனிகோடு, தமிழ்99" என்று சொல்லிவிட்டார். சரி என்று அந்த விசைப்பலகையைப் பழகினேன். உயிரெல்லாம் இடது கை, மெய் பெரும்பாலும் வலது கை. பத்து நாளில் ஓரளவு பிடிபட்டது.

வினை போன மாதம் வந்தது. ஒரு கல்யாணப் பத்திரிகை, 500 பிரதி. மணமகள் பெயர் லலிதா. ல அடித்தேன், மறுபடி ல, அப்புறம் இ, த, ஆ. திரையில் வந்தது "ல்லிதா". என் கண் எழுதிக் கொடுத்த காகிதத்தில் இருந்ததால் கவனிக்கவில்லை. புரூஃப் பார்க்க வந்த பெண்ணின் தாய்மாமா, மண்டபத்தின் பெயரையும் முகூர்த்த நேரத்தையும் விரல் வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பெண் பெயரில் தப்பு வரும் என்று யார் நினைப்பார்கள்? மஞ்சள் தடவி முதல் பத்திரிகையைச் சாமி முன்னால் வைக்கும்போது அந்தப் பெண்ணே பார்த்திருக்கிறது. 500-ஐயும் மறுபடி அச்சடித்தோம். அட்டைக் காசு என் சம்பளத்தில் பிடித்தம்.

அதற்கப்புறம் உட்கார்ந்து சோதித்தேன். சசி என்று அடித்தால் ச்சி. நதியா என்று அடித்தால் ந்தியா. அழித்துவிட்டு இரண்டாவது ல-வை மறுபடி அடித்தாலும் புள்ளி மறுபடி வந்து உட்காருகிறது. இப்போதைக்கு ல, ஓர் இடைவெளி, ல என்று அடித்துவிட்டு, பின்னால் போய் இடைவெளியை அழித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலாளி மகனிடம் கேட்டால் "அது பிழை இல்லை அண்ணே, வசதி" என்கிறார். நான் அடிக்காத புள்ளியை அதுவாக வைப்பது எப்படி வசதி ஆகும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வல்லினம்மிகும்:

அண்ணே, முதலில் வைத்தியம். ல அடித்ததும் அ-வை ஒரு தட்டு தட்டிவிட்டு அடுத்த ல-வை அடியுங்கள். புள்ளி வராது. இடைவெளி வித்தை வேண்டாம். என்றைக்காவது அழிக்க மறந்து "ல லிதா" என்று அச்சேறிவிடும்.

இது பிழை இல்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்த விசைப்பலகை இது. அதே வருடம் தமிழக அரசும் ஏற்றுக்கொண்டது. விதியிலேயே இருக்கிறது: ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதலாவதற்குப் புள்ளி. மெல்லினமும் அதன் இன வல்லினமும் சேர்ந்து வந்தாலும் அப்படியே. ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. உங்கள் நதியா மாட்டிக்கொண்டது இந்த இரண்டாவதில்.

ஏன் இப்படி வைத்தார்கள் என்று தெரிய இதை அடித்துப் பாருங்கள்: "அப்பாவும் அம்மாவும் தங்கச்சிக்குப் பட்டுப்பாவாடை எடுத்தார்கள்." இதில் 13 புள்ளி. 8 தானாக விழும், 5-தான் உங்கள் கையால். செய்தித்தாள் பக்கப் பிரிவில் 11 வருடம் இருந்தேன். ராத்திரி பதிப்பு மூடுகிற நேரத்தில் அந்த 8 சின்ன விஷயம் இல்லை. இரட்டிப்பு இல்லாமல் தமிழில் நாலு வரி எழுதிவிட முடியுமா? லலிதா மாதிரி வருவதெல்லாம் விரல் விட்டு எண்ணிவிடலாம், அதுவும் பெரும்பாலும் பெயர்கள்.

நிரலன்:

விதியை வகுத்தவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் அண்ணன் மாட்டிய மூன்றையும் பாருங்கள்: ல்லிதா, ச்சி, ந்தியா. மூன்றிலும் புள்ளி விழுந்திருப்பது சொல்லின் முதல் எழுத்தில். தனி மெய் சொல்லுக்கு முதலில் வராது என்பது தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. அப்படியிருக்க, முன்னால் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்து விட்டுவிட ஒரு வரி நிரல் போதாதா?

ப்ரியா, க்ருஷ்ணன் என்று எழுதுகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்பீர்கள். ப-வும் ர-வும் வேறு வேறு எழுத்து, அங்கே தானாகப் புள்ளி விழுவதே இல்லை. இப்போதும் கையால்தான் வைக்கிறார்கள். யாருக்கும் நட்டம் கிடையாது. மமதை, ததும்பு, பப்பாளி, வவ்வால் எல்லாம் அ-வைத் தொடாமலே சரியாக வந்துவிடும். ஆகவே விதி வசதிதான். அதைச் சொல்லின் தலையிலும் கண்ணை மூடிக்கொண்டு வைப்பது பிழை.

வல்லினம்மிகும்:

தம்பி, ஜெயலலிதா?

அங்கே ல-லி நடுவில் வருகிறது. உங்கள் ஒரு வரி அதைக் காப்பாற்றாது, "ஜெயல்லிதா" என்றுதான் வரும். எங்கள் பிரிவில் அதிகம் அடித்த பெயர்களில் அது ஒன்று. ல, அ, ல என்று தூக்கத்தில்கூட விரல் போகும். கருணாநிதிக்கு இந்தத் தொல்லை இல்லை, ந-வுக்கும் த-வுக்கும் நடுவில் ஓர் இகரம் காவல் நிற்கிறது. (அரசியல் இல்லை, ஆளை விடுங்கள்.) மகாநதியை அடித்துப் பாருங்கள், "மகாந்தி" வருவார்.

தலையில் அ வேண்டாம், இடுப்பில் வேண்டும் என்றால் கை குழம்பிவிடும். எப்போதும் ஒரே மாதிரி முரண்டு பிடிக்கிற மாட்டோடு உழுதுவிடலாம்.

நிரலன்:

பழகியவர் அ-வைத் தட்டினாலும் ஒன்றும் கெடாது, அதே எழுத்துதான் வரும். புதிதாக வருகிறவர் 500 பத்திரிகையைக் குப்பையில் போட வேண்டியிருக்காது, அவ்வளவுதான்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஏற்கெனவே அடித்த சொல்லின் நடுவில் மவுஸால் சொடுக்கிவிட்டு அடிக்க ஆரம்பித்தால், முன்னால் நிற்பது என்ன எழுத்து என்று விசைப்பலகை நிரலுக்குப் பல இடங்களில் தெரியாது. சொல்லின் தலை எது, நடு எது என்று அப்போது அதற்கு எப்படித் தெரியும்? ஒரு வரி என்றது கொஞ்சம் அதிகப்படிதான்.

சோம்பேறிவிரல்:

இதனால்தான் நான் ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்ப்பாகவே அடிக்கிறேன். லலிதா லலிதாவாகவே வருவாள். என்ன, ந-வா ன-வா, ல-வா ள-வா என்று வரிக்கு வரி மல்லுக்கட்ட வேண்டும்.

அச்சுக்கோப்பான்:

எல்லோருக்கும் நன்றி. அ-வைத் தட்டுகிற முறை வேலை செய்கிறது, இடைவெளி வித்தையை விட்டுவிட்டேன். முதலாளி மகனிடம் இதையெல்லாம் காட்டினேன். "இது பிழை இல்லை" என்ற இடம் வரை படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டார். கீழே நிரலன் தம்பி எழுதியதைப் படிக்கவே இல்லை. தம்பி, முதலெழுத்தில் புள்ளி வேண்டாம் என்று எழுதி அனுப்ப ஓர் இடம் இருந்தால் சொல்லுங்கள். தாய்மாமா மாதிரி இல்லாமல் முழுசாகப் படித்துப் பார்த்துவிட்டு நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

இப்போது வேறு தொல்லை. பயத்தில் விரல் கண்ட இடத்திலும் அ-வைத் தட்டுகிறது. நேற்று ஒரு காதுகுத்துப் பத்திரிகையில் "அமமன் கோயில்" என்று வந்தது. புரூஃப் போகும் முன்னால் நானே பிடித்துவிட்டேன்.