பழைய பிரெய்டு என்ற பின்னல் தூண்டில் நரம்பைத் திருப்பிச் சுற்றலாமா, தூக்கிப் போடலாமா?

குடியாத்தம் கெளுத்தி:
மோர்தானா அணையில் போட்ட பிரெய்டு, பச்சை நிறம் போய் வெளுத்துவிட்டது. "பவர் போயிடுச்சு, மாத்திடுங்க" என்கிறார் கடைக்காரர். உண்மையா?

காட்பாடி தக்கை:
அவர் விற்க வேண்டாமா! பிரெய்டு பாலிஎத்திலீன் இழை. சாயம் உள்ளே இறங்காது, மேலேதான் ஒட்டியிருக்கும். வெளுத்தால் சாயம் போச்சு, அவ்வளவுதான். நைலான் தண்ணீர் குடிக்கும், இது குடிக்காது. ரீலில் 150 மீட்டர் சுற்றியிருந்தால் வீச்சில் வெளியே போவது முன்னால் உள்ள 40, 50 மீட்டர். அடியில் கிடப்பது புதுசு மாதிரி. அடி முனை மேலே வரும்படி தலைகீழாகத் திருப்பிவிடுங்கள்.

வேலூர் விரால்:
தக்கை அண்ணா, காவேரிப்பாக்கம் ஏரி மாதிரி இடத்துக்கு நீங்கள் சொல்வது சரி. அணைக்கரையில் கல் அடுக்கு இருக்கிறதே? நைந்த பகுதி அடிக்குப் போனால் கண்ணில் படாது. பெரிய மீன் நரம்பை உருவிக்கொண்டு ஓடும்போதுதான் வெளியே வரும். மீனும் போச்சு, லூரும் (செயற்கை இரை) போச்சு. லூர் விலைக்கு நரம்பே தேவலை.

காட்பாடி தக்கை:
விரால் நூறு மீட்டர் ஓடுமா தம்பி? பக்கத்துப் புதரில்தான் புகும்.

வேலூர் விரால்:
விரால் ஓடாது. கட்லா ஓடும்.

காட்பாடி தக்கை:
அது சரிதான். அதனால்தான் சுற்றுமுன் தடவிப் பார்க்கச் சொல்கிறேன். இரண்டு விரலுக்கு நடுவே முழு நீளத்தையும் மெதுவாக இழுங்கள். வழுவழுவென்று போனால் சரி. எங்காவது பஞ்சு மாதிரி இழை பிரிந்து நின்றால், மெலிந்திருந்தால், அந்த இடம் வரை வெட்டுங்கள், தயவு தாட்சணியம் வேண்டாம். இன்னொரு ரீலுக்கு ஒரு தடவை மாற்றினாலே தலைகீழாகிவிடும். பலர் ரெண்டு தடவை மாற்றி, பழையபடியே கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்! ஸ்பூல் (ரீலில் நரம்பு சுற்றும் உருளை) அடியில் கொஞ்சம் நைலான் சுற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மீன் இழுக்கும்போது மொத்தச் சுருளும் வழுக்கிச் சுற்றும். ஈரத்துணியால் பிடித்து இறுக்கமாகச் சுற்றவேண்டும். தளர்ந்தால் மேல் சுற்று அடியில் புதைந்து, அடுத்த வீச்சில் சிக்கு.

குடியாத்தம் கெளுத்தி:
கழுவணுமா?

காட்பாடி தக்கை:
கடலுக்குப் போனால் கட்டாயம், உப்பு ரீலை அரிக்கும். நம்ம ஏரிக்குச் சேறு போக அலசினால் போதும். ஈரத்தோடு பையில் அடைக்காதீர்கள்.

வேலூர் விரால்:
வெட்டிய துண்டைக் கரையில் போடாதீர்கள், மக்காது, கொக்கு காலில் சுற்றும். மற்றபடி கட்லாவுக்கு நான் புதுசுதான் போடுவேன். அண்ணனுடைய பழசு ஏதாவது இருந்தால் கொடுங்கள், விராலுக்கு ஆகும்.