சின்னியின் இருமலுக்கும் எடைக்கும் உங்கள் அனுபவம் தேவை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். மதுரையில் எங்கள் வீட்டில் வளரும் சின்னி, பொமரேனியன் தாய்க்கும் டாஷ்ஹண்ட் தந்தைக்கும் பிறந்த 8 வயதுப் பெண் நாய். தாயின் அடர்ந்த முடியும் தந்தையின் நீண்ட முதுகும் குட்டைக் கால்களும் அவளுக்கு வாய்த்திருக்கின்றன. அந்நியரை எளிதில் நெருங்கவிடாத அவள், என் தாயாரின் காலடியை விட்டு நகர மாட்டாள்.

இரண்டு மாதங்களாக, உற்சாகத்தில் குரைக்கும்போதும் கழுத்துப்பட்டை இழுபடும்போதும், கழுத்தை முன்னே நீட்டி, வாத்து கத்துவது போன்ற ஒலியுடன் விடாமல் இருமுகிறாள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர், மூச்சுக்குழாயைத் தாங்கும் குருத்தெலும்பு வளையங்கள் தளர்ந்து குழாய் தட்டையாகியிருப்பதாகவும், சிறிய இன நாய்களிடம் இது அதிகம் காணப்படுவதாகவும், மருந்தோடு 9 கிலோ எடையை 7 கிலோவுக்குக் குறைப்பது மிக அவசியம் என்றும் கூறினார். கழுத்துப்பட்டைக்குப் பதிலாக மார்புப் பட்டை மாட்டிவிட்டோம். சாம்பிராணிப் புகையையும் கொசுவர்த்தியையும் நிறுத்திய பிறகு இரவு இருமல் ஓரளவு தணிந்திருக்கிறது.

எடைதான் குறையவில்லை. தயிர்ச்சோறு உண்டு பழகியவள், வேகவைத்த கோழியையும் பூசணியையும் கலந்து வைத்தால் கோழியை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுத் தட்டை மூக்கால் தள்ளிவிடுகிறாள். நடையைக் கூட்டலாமென்றால் இந்த வெயிலில் அவளுக்கு மூச்சிரைக்கிறது.

இதே பாதிப்புள்ள சிறிய நாயை வளர்ப்பவர்கள், எந்த உணவை எவ்வளவு கொடுத்தீர்கள், எத்தனை மாதங்களில் எடை குறைந்தது, எந்த நேரத்தில் நடக்க அழைத்துச் சென்றீர்கள் என்பதைத் தயவுசெய்து தெரிவியுங்கள். எதையும் மருத்துவரிடம் கேட்ட பிறகே செய்வோம்.