விசைப்படகு பேச்சுவார்த்தைக்குப் போறோம்: முதல் கூட்டத்துலயே அதிரடியா இறங்கலாமா?

தொண்டிக்கரை

வணக்கம். தொண்டிக்கு வடக்கே எங்க ஊர்ல வல்லம், ஃபைபர் படகுன்னு நாட்டுப்படகு மட்டும்தான். விசைப்படகுகள் விதியை மீறி 5 கடல் மைலுக்குள்ள வந்து மடி (இழுவலை) இழுக்குது. நாட்டுப்படகுக்கு ஒதுக்கின நாள்லயும் வருது. நண்டு வலையெல்லாம் அறுபட்டுப் போகுது. மே கடைசியில கலெக்டர் ஆபீஸ்ல மீன்வளத்துறை முன்னிலையில ரெண்டு தரப்பையும் கூப்பிட்டிருக்காங்க.

ஊருக்குள்ள ரெண்டு கருத்து ஓடுது. "உள்ள நுழைஞ்சவுடனே ஒரே போடா போடணும். இனி வந்தா படகைப் பிடிச்சுக் கரைக்குக் கொண்டு வருவோம், ரோட்டை மறிப்போம்னு சொன்னாத்தான் மதிப்பாங்க" என்கிறார்கள் இளவட்டங்கள். பெரியவங்க, "மனு கொடுத்துட்டுப் பணிவாப் பேசிட்டு வருவோம்" என்கிறார்கள். துணிச்சல் எந்த இடத்துல வேலை செய்யும், எந்த இடத்துல காரியத்தைக் கெடுக்கும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வாடைக்காத்து

ரெண்டு பக்கமும் பாதி சரி தம்பி. துணிச்சல் கூட்டத்தை அசைக்கும், அதிகாரியின் ஃபைலை அசைக்காது. திடல்ல ஐந்நூறு பேர் முன்னாடி உறுதியாப் பேசினா, தயங்கி நிற்கிறவனும் கூட வருவான். அதே பேச்சைப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்கிற மேசையில பேசினா, எதிர்த் தரப்புக்கு யோசிக்க நேரம் இருக்கு, அதிகாரிக்கு எழுதிக்கொள்ளப் பேனா இருக்கு. அங்கே உங்க குரல் எவ்வளவு உயர்ந்தது என்பது கணக்கில் வராது. சொன்னதைச் செய்ய உங்களிடம் என்ன இருக்கு என்றுதான் எடை போடுவார்கள்.

மிரட்டல் எப்படிப் பிசகும் என்பதற்கு நம்ம ராமநாதபுரமே சாட்சி. 1798-ல் கலெக்டர் ஜாக்சன் கிஸ்தி பாக்கிக்காகக் கட்டபொம்மனை ஊர் ஊராக அலைய விட்டார். கடைசியில் செப்டம்பர் 10-ம் தேதி ராமலிங்க விலாசத்தில்தான் பார்த்தார், அங்கும் உட்காரச் சொல்லாமல் நிற்க வைத்தே விசாரித்தார். ஒருவரை அவருடைய ஆட்கள் முன்னாடியே சிறுமைப்படுத்தினால் அவர் பணிந்துபோகவும் வழியில்லை, பேசவும் வழியில்லை, மிஞ்சுவது கைகலப்புதான். கோட்டை வாசலில் கம்பெனிப் படையின் லெப்டினன்ட் கிளார்க் செத்தார், கட்டபொம்மன் தப்பினார். சென்னை அரசு விசாரணைக் குழு போட்டு ஜாக்சனைப் பதவியிலிருந்து நீக்கியது. மறு ஆண்டு கட்டபொம்மனுக்கு நேர்ந்தது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அந்த அறையில் தோற்றவர் ஜாக்சன்தான்.

இன்னொரு கலெக்டர், தஞ்சாவூர் தார்ன். 1930 ஏப்ரல் 13-ல் ராஜாஜி தலைமையில் சுமார் நூறு பேர் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார்கள். அவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் ஆறு மாதம் சிறை என்று தார்ன் அறிவித்தார். கேட்க அதிரடிதான். ஆனால் வழிநெடுக உள்ள அத்தனை வீட்டையும் எந்தப் போலீஸ் காவல் காக்க முடியும்? சனங்கள் மரக்கிளையில் சோற்றுப் பொட்டலத்தைக் கட்டிவிட்டுப் போனார்கள். நிறைவேற்ற ஆள் பலம் இல்லாத மிரட்டல், மிரட்டினவரின் பலவீனத்தைத்தான் ஊருக்குக் காட்டும். ராஜாஜி பக்கத்துத் துணிச்சலைப் பாருங்க: ஆள் கொஞ்சம், எல்லாரும் பொறுக்கி எடுத்தவங்க. செய்யப்போவதும் ஒரே காரியம், ஒரு பிடி உப்பு. அதைத் தடுத்தாலும் அவங்களுக்கு லாபம், விட்டாலும் லாபம்.

இந்த அளவுகோலை உங்க ஊர் யோசனைக்கு வச்சுப் பாருங்க. "படகைப் பிடிப்போம்" என்றால், கடலில் படகை நிறுத்திச் சோதிக்கவும் பிடித்து வைக்கவும் 1983-ம் ஆண்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் அதிகாரம் தருவது மீன்வளத்துறையின் அங்கீகரிக்கப்பட்ட அதிகாரிகளுக்கு மட்டும். நீங்க பிடிச்சா வழக்கு உங்க மேல. அந்தப் படகில் இருப்பதும் முதலாளி இல்லை, பங்குக்கும் கூலிக்கும் வந்த நாலஞ்சு பேர். அவங்களை அடிச்சு இழுத்துட்டு வந்தா முதலாளி பாவப்பட்டவராகிவிடுவார்.

கொண்டல்

மேலே சொன்னதோடு தேதியையும் சேர்த்துப் பாருங்க. துணிச்சலுக்குப் பாதி பலம் காலண்டரில் இருக்கு.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கரையில் கிடக்கும்போது "நிறுத்து, இல்லாட்டிப் போராட்டம்" என்றால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் ஜூன் முதல் வாரம் வேற மாதிரி. படகுக்காரங்க பலகை மாத்தி, பெயின்ட் அடிச்சு, ஐஸுக்கும் டீசலுக்கும் சொல்லி வச்சு, ஆட்களுக்கு அட்வான்ஸும் கொடுத்திருப்பாங்க. தடை நீங்கும் நாளில் ஒரு நாள் தாமதம் ஆனாலும் அவங்களுக்கு வலிக்கும். உங்க கூட்டம் மே கடைசியில் என்பது நல்ல நேரம். கெடு வைக்கிறதா இருந்தா ஜூன் 10-ஐ ஒட்டி வையுங்க.

செப்டம்பர், அக்டோபரில் கெடு வைக்கவே வேண்டாம். செப்டம்பர் 11 இமானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 தேவர் ஜெயந்தி நிகழ்வுகளை ஒட்டி மாவட்டத்தில் கூட்டம் கூடத் தடையுத்தரவு வந்துவிடும் (முன்பு 144, இப்போது புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 163). நீங்க அறிவிச்ச நாளில் ஐந்து பேர் சேர்ந்து நிற்க முடியாது. சொன்ன தேதியில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் அடுத்த முறை உங்க பேச்சை யாரும் காதில் வாங்க மாட்டாங்க.

சாலை மறியல் பற்றி ஒரு வார்த்தை. கிழக்குக் கடற்கரைச் சாலையை மறிச்சா நிற்கப் போறது விசைப்படகுக்காரர் இல்லை. ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போற நோயாளியும் பள்ளிக்கூடப் பிள்ளையும்தான். அன்று மாலைக்குள் ஊர் அனுதாபம் மாறிப் போகும். இன்னொன்று, நம்ம கரையில் வீட்டுக்கு ஒருத்தர் வளைகுடா வேலைக்குக் காத்திருக்காங்க. நிலுவையில் ஒரு குற்ற வழக்கு இருந்தாலே 1967 பாஸ்போர்ட் சட்டம் 6(2)(எஃப்) பிரிவின்படி பாஸ்போர்ட்டை மறுக்கலாம், அப்புறம் கோர்ட் அனுமதிக்கு அலையணும். முன்வரிசையில் நிற்கப் போற பையன்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிடுங்க.

தொண்டிக்கரை

ரெண்டு பேருக்கும் நன்றி. ஆனா இதையெல்லாம் சொன்னா இளவட்டங்க, "அப்ப பெரியவங்க சொன்ன மனுதானா? வருஷக்கணக்கா மனு கொடுத்து என்ன கிடைச்சது?"ன்னு கேப்பாங்களே?

கச்சான்

அந்தப் பசங்க கேக்குறது நியாயம். மனுவை மட்டும் நம்பினா ஒன்றும் நடக்காது. அதனால துணிச்சலை விட்டுடச் சொல்ல மாட்டேன். அதை எங்கே வைக்கிறோம் என்பதுதான் விஷயம். கோரிக்கையில் வையுங்க, மிரட்டலில் வேண்டாம்.

1975-ல் சியால்டினி என்ற அமெரிக்க உளவியலாளர் குழு ஒரு சோதனை செய்தது. கல்லூரி மாணவர்களிடம், சிறார் சீர்திருத்தப் பிள்ளைகளை ஒரு நாள் ரெண்டு மணி நேரம் மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப் போறீங்களா என்று நேராகக் கேட்டபோது ஏறக்குறைய 17 சதவீதம் பேர்தான் சம்மதித்தார்கள். இன்னொரு குழுவிடம், வாரம் ரெண்டு மணி நேரம் வீதம் ரெண்டு வருஷத்துக்குச் சம்பளமில்லாமல் அந்தப் பிள்ளைகளுக்கு ஆலோசகரா வர முடியுமா என்று முதலில் கேட்டார்கள். முடியாது என்றதும் அந்தச் சின்ன உதவியைக் கேட்டார்கள். 50 சதவீதம் பேர் ஒத்துக்கொண்டார்கள். பெரிய கோரிக்கையைக் கேட்டவரே இறங்கி வந்தபோதுதான் இது பலித்தது. முதலில் ஒருவர், பிறகு வேறொருவர் கேட்டால் பலிக்கவில்லை. அதனால் இளவட்டம் ஒருத்தர் கத்தி, பெரியவர் ஒருத்தர் சமாதானம் பேசுற ஏற்பாடு வேண்டாம். ஒரே ஆள், ஒரே அமர்வில், மேலே ஏறிக் கீழே இறங்கணும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கு, கவனமா இருங்க. "பாக் நீரிணையில் மடி இழுப்பதையே நிறுத்துங்க" என்று பெரிய கோரிக்கையை எழுத்தில் கொடுத்தால், "ஏற்க இயலாது" என்று ஒரு வரி எழுதி மொத்த மனுவையும் முடிச்சு வச்சிருவாங்க. அது வாயில் மட்டும் வரட்டும். காகிதத்தில் மூன்றே வரி: 5 கடல் மைலுக்குள் பிடிபடும் படகுக்கு அடுத்த சில முறை கடலுக்குப் போக அனுமதி டோக்கன் இல்லை, மானிய டீசல் நிறுத்தம், அறுந்த வலைக்கு இழப்பீடு. இதெல்லாம் துறை தன் கையில் உள்ள அதிகாரத்தில் செய்யக்கூடியவை. புதுச் சட்டம் எதுவும் வேண்டாம்.

இதுக்கு ஆதாரம் வேணும். மேசையில் நிஜமான துணிச்சலைத் தருவது அதுதான். ஜிபிஎஸ் கேமரா செயலியில் தேதி, நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை பதிய, படகின் பதிவு எண் தெரிய எடுங்க. சிக்னல் இல்லாத இடத்தில் ஊர்ப் பெயர் வராது, எண்கள் வந்தால் போதும். அந்த எண் உங்க படகு நிற்கிற இடம், அவங்க இடம் இல்லை. அதனால் நெருங்கிய பிறகு எடுத்து, எத்தனை பாகம் (ஒரு பாகம் ஆறடி) தள்ளி எந்தத் திசையில் நின்றாங்க என்பதை நோட்டில் எழுதுங்க. 4.8 மைலில் எடுத்த படத்தைக் கொண்டு போகாதீங்க, "கருவி பிசகு" என்று ஒரே வார்த்தையில் தள்ளிடுவாங்க. மூணு மைலுக்குள் எடுத்த ஏழெட்டு படம் இருந்தா யாராலும் மறுக்க முடியாது. ஒரு பலவீனமான படம் உள்ளே போனா, பேச்சு முழுக்க அதைச் சுத்தியே நடக்கும்.

கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, கடந்த மூன்று வருஷத்தில் 5 மைல் விதிமீறலுக்கு எத்தனை படகு மேல் நடவடிக்கை என்று மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்க. பதிலுக்கு 30 நாள். கூட்டத்துக்கு முன் கையில் வேணும்னா இன்றைக்கே போடுங்க.

வாடைக்காத்து

கச்சான் அண்ணன் சொன்னதோடு நான் முழுக்க ஒத்துப்போறேன். ஒன்றே ஒன்று சேர்க்கணும். மே 1 கிராம சபையில் தீர்மானமா நிறைவேத்திட்டுப் போங்க. மக்கள்தொகை 501-லிருந்து 3,000 வரை உள்ள ஊராட்சிக்கு 100 பேர் வரணும், 3,001-லிருந்து 10,000 வரை என்றால் 200. ஆள் குறைஞ்சா தீர்மானம் செல்லாது, அதனால நண்டு சுத்தம் பண்ற பெண்களும் வரணும். அறுந்த வலைக் கணக்கை ஒழுங்கா வச்சிருக்கிறதும் பெரும்பாலும் அவங்கதான்.

கூட்டத்தில் பேச மூணு பேருக்கு மேல் வேண்டாம். ஒருத்தர் பேசட்டும், ஒருத்தர் படங்களை எடுத்து வைக்கட்டும், ஒருத்தர் எதிர்த் தரப்பு சொல்றதை வரி வரியா எழுதட்டும். "பார்க்கிறோம்" என்று யார் சொன்னாலும் எந்தத் தேதிக்குள் என்று அங்கேயே கேட்டுக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்க. நாலு பேர் பார்க்க அதைக் கேக்குறதுக்குத்தான் நெஞ்சுரம் வேணும். ரெண்டு தரப்பும் அந்தக் குறிப்பில் கையெழுத்துப் போட்டு, நகல் கைக்கு வந்த பிறகு எழுந்திருங்க. "தபாலில் அனுப்புறோம்" என்றால், அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்து வாங்கிட்டு வாங்க.